மொட்டு விரியலையா மாப்ளே?

வாங்க மாப்ளே, வாங்க. போன வருசம் வரைக்கும் ‘வாடா’ன்னுதான் கூப்பிட்டேன். இப்ப சென்னையில மொட்டைமாடியில குளம் வச்சிருக்கிற பெரிய மனுசன் ஆயிட்டீங்க. குளத்துக்குச் சொந்தக்காரரை வாடா போடான்னா ஊரு என்னை என்ன சொல்லும்? அந்தத் துண்டை எடுத்துத் திண்ணையைத் தட்டிட்டு உக்காருங்க. அத்தை காபி போடுறா.

சரி, மரியாதை போதும். எனக்கே வாய் கூசுது. போனைக் காட்டுடா.

ம்... மொட்டு. இது? இதுவும் மொட்டு. இது என்ன, கிட்ட வச்சு எடுத்த மொட்டா? பதினேழு போட்டோ, பதினேழும் மூடுன மொட்டு. ரெண்டு மாசமா மொட்டு விடுது, ஒண்ணுகூட விரியல, அப்படியே தலையைத் தொங்கப்போட்டுத் தண்ணிக்குள்ள போயிருது, செடிக்கு என்னமோ சீக்குன்னு சொல்றே. யார்கிட்டயோ காசு கட்டி யோசனை கேட்டு, அந்த ஆளு ஒரு மருந்து வேற வாங்கி ஊத்தச் சொல்லியிருக்காரு. ஊத்திட்டியா? இன்னும் இல்லையா? அல்லி பொழைச்சுச்சு.

ஏன் விரியலன்னு எனக்குத் தெரியும். போட்டோவைப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. ஆனா இப்பச் சொல்லமாட்டேன். முழிக்காதே. நமக்குப் பக்கத்து ஊருதான் திருக்கோஷ்டியூர். அங்க நம்பி, ஒரே ஒரு மந்திரத்தைச் சொல்லித் தர்றதுக்கு ராமானுசரையே 18 தடவை நடக்கவிட்டாருன்னு சொல்லுவாங்க. அவரும் நடந்தாரு. உன்னை ஒரு காபி குடிக்கிற நேரம் உக்கார வச்சா கொறைஞ்சா போயிருவே? ராமானுசர் கேட்ட கையோட கோபுரத்துல ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு. அது அவரோட பெருந்தன்மை. நான் நம்பி கட்சி.

இன்னும் மூணு தொட்டி வைக்கப்போறேன், உன் குடியிருப்புல மத்த ரெண்டு பேரும் கேக்குறாங்கன்னு வேற சொல்றே. அப்பக் கணக்கை மொதல்ல இருந்து பாக்கணும்ல. நீ பண்ணின கூத்தையெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்கேன்.

மொதத் தடவை என்ன பண்ணினே? ‘நீலத்தாமரை விதை’ன்னு போனுல பாத்து வாங்குனே. பொங்கலுக்கு இங்கதானே வர்றோம்னு திருப்பத்தூர் விலாசம் குடுத்தே. எந்தத் திருப்பத்தூர்னு பாத்துப் போட்டியா? பார்சல் ஜோலார்பேட்டைப் பக்கத்துத் திருப்பத்தூருக்குப் போயிருச்சு. அந்த ஊரு 2019-ல தனி மாவட்டமே ஆயிருச்சு. நாம இன்னும் சிவகங்கை மாவட்டத்துத் தாலுகா. புதுப் பணக்காரன் வீட்டுக்குத்தானே பார்சல் போகும்? மருதுபாண்டியரை 1801-ல தூக்குல போட்ட ஊருன்னு ஒரு வரி எழுதியிருந்தா நேரா வந்து சேர்ந்திருக்கும்.

சரி, சுத்தி வந்துச்சு. என்ன வந்துச்சு? கறுப்பா, கோலிக்குண்டு கணக்கா ஏழு விதை. தாமரையில நீலமே கெடையாது மாப்ளே. நம்ம நாட்டுத் தாமரை செவப்பும் வெள்ளையும். அமெரிக்காவுல மஞ்சத் தாமரை ஒண்ணு இருக்கு. ஒலகத்துல தாமரைச் சாதியே இந்த ரெண்டுதான். எகிப்துக்காரன் ராசா சமாதியில மாலை கட்டிப் போட்டானே நீலத்தாமரைன்னு, அதுவும் அல்லிச் சாதி. எவனோ உனக்கு நீலக்கலர்ல படத்தைக் காட்டிக் காசை வாங்கிட்டான். அந்த விதையையாவது முளைக்க வச்சியா? சீனாவுல வறண்டுபோன ஏரிப் படுகையில ஆயிரத்து முந்நூறு வருசம் கெடந்த தாமரை விதையை எடுத்து முளைக்க வச்சிருக்காங்க. உன் வீட்டுக் கண்ணாடி டம்ளர்ல ஏழுல ஒண்ணு முளைக்கல. அது ஓடு இரும்பு மாதிரிடா. ஒரு பக்கம் ஓட்டை அரம் வச்சு ராவி, உள்ள வெள்ளை தெரிஞ்சப்புறம் தண்ணியில போடணும். அப்படியே போட்டா, ஆயிரத்து முந்நூறு வருசம் காத்திருக்கிறதுன்னு அது முடிவு பண்ணிக்கிரும்.

தாமரைக்கும் அல்லிக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இம்புட்டும். எலையைப் பாரு. அல்லி எலையில ஒரு பக்கம் காம்பு வரைக்கும் பொளந்திருக்கும், தட்டுல ஒரு துண்டு வெட்டி எடுத்தாப்ல. ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கும். திருப்பிப் பாத்தா அடியில பூனைமுடி. தண்ணியோட படிஞ்சே கெடக்கும். தாமரை எலைக்குப் பொளவு கெடையாது, முழு வட்டம். தண்டுல முள்ளு சொரசொரன்னு இருக்கும். வளர்ந்தா தண்ணிக்கு மேல கொடை பிடிச்சாப்ல நிக்கும். சோறு போட்டுச் சாப்பிட்டா தாமரை எலைன்னு கண்டுபிடிச்சிருவே, எலையோட பூவுன்னா முழிக்கிறே.

ரெண்டாவது தடவை கெழங்கு வாங்குனே. மண்ணுக்குப் பதிலா தேங்காய் நாரைப் பொடி பண்ணி மூட்டை கட்டி விக்கிறானே, அதைக் கொட்டி, மேல தண்ணியை விட்டே. அம்புட்டும் மெதந்துச்சு. சீதளிக் குளத்துல தெப்பம் விட்டாப்ல கெழங்கும் நாரும் சுத்திச் சுத்தி வந்துச்சுன்னு நீயே போனுல அழுதே. நான் சிரிச்சது ஒனக்குக் கேட்டிருக்காது, துண்டை வாயில வச்சிருந்தேன்.

மூணாவது, காரைக்குடிப் பழைய சாமான் கடையில பெரிய பித்தளை உருளியைத் தூக்கிட்டுப் போனே. செட்டிநாட்டு அழகாம். அந்த உருளி வெலைக்கு நான் ஒரு கறவை மாடு வாங்குவேன். உருளியில பறிச்ச பூவை மெதக்கவிடு, வாசல்ல வை, வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும். செடி வைக்காதே. செம்பு, பித்தளையெல்லாம் தண்ணியில கரைஞ்சா மீனுக்கும் ஆகாது, நத்தைக்கும் ஆகாது, வேருக்கும் ஆகாது. போட்ட மீனு ரெண்டே நாள்ல மல்லாந்துச்சே, அது ஏன்னு நெனைச்சே? சென்னை வெயிலுக்கா?

கடைசியா உங்க அத்தைதான் பாவம்னு நம்ம கண்மாயில இருந்து ஒரு அல்லிக் கெழங்கை ஈரச் சாக்குல சுத்தி உன்கிட்டக் குடுத்து விட்டா. நீ ராத்திரி பூராம் அமெரிக்காக்காரனுக்குக் கணக்குப் பாத்துட்டு, அதை மாடிப்படியிலயே போட்டுட்டே. உங்க வாட்ச்மேன் அண்ணன், எந்த ஊருக்காரரோ, சேத்துல கால் வச்ச மனுசன், மாடியில உடைஞ்சு கெடந்த சிமெண்டுத் தொட்டியை அடைச்சு, களிமண்ணைக் கொட்டி நட்டு வச்சிருக்காரு. நீ திரும்பிப் பாக்கல. அதான் வந்துருச்சு.

இப்ப மூணு தொட்டிக்கு வருவோம். தொட்டின்னா என்ன? சின்னக் கண்மாய். கண்மாய்க்கு என்னென்ன வேணும்? கரை, வண்டல், வரத்து, கலுங்கு. தலைக்கு மேல வெயில். இதுல எதையும் கடையில விக்கமாட்டான். அதனாலதான் உனக்குக் கஷ்டமா இருக்கு.

கரைக்கு, மாட்டுக்குக் கழனி வைக்கிற சிமெண்டுத் தொட்டி போதும். ரெண்டடி அகலம், ஒண்ணரை அடி ஆழம். கொல்லையில ரெண்டு கெடக்கு, மாட்டை வித்த நாள்ல இருந்து சும்மாதான் இருக்கு. புதுச் சிமெண்டுன்னா ஒரு வாரம் பத்து நாள் தண்ணி விட்டு விட்டுக் கொட்டு, சுண்ணாம்புக் காரம் எறங்கட்டும். ஒண்ணு சொல்லிடுறேன், மண்ணும் தண்ணியும் சேந்தா ஒரு தொட்டி நூத்தம்பது கிலோவுக்குக் கொறையாது. மூணையும் ஒரே எடத்துல மாடி நடுவுல வச்சுட்டு, கீழ்வீட்டுக்காரர் தலையில அல்லி பூத்துச்சுன்னு என்கிட்ட வராதே. தூண் எறங்குற எடமாப் பாத்து, தள்ளித் தள்ளி வை.

வண்டல்தான் உசுரு. கரம்பை மண்ணு வேணும். ஈரத்துல எடுத்து உள்ளங்கையில உருட்டி, முறுக்குச் சுத்துறாப்ல சுத்திப் பாரு. ஒடையாம ரெண்டு சுத்து வந்தா அதுதான் மண்ணு. உதிர்ந்தா அது மணலு, தள்ளிப்போடு. எல்லாக் கரம்பையும் ஒண்ணுன்னு நெனைக்காதே. கண்மாய் நடுவுல கெட்டியா இருக்கும், கரையோரம் குப்பை. நல்ல கரம்பைன்னா மடைவாயில இருந்து வயலுக்குப் போற வாய்க்கால்ல படியிறதுதான். தண்ணி மெதுவா நகர்ந்து நைசான வண்டலா எறங்கியிருக்கும். நம்ம வயலுக்கு வர்ற வாய்க்கால்லகூட மூணு வருசமாப் படிஞ்சு மேடுதட்டிக் கெடக்கு, வெட்ட ஆள் கெடைக்கல. அது கெடக்கட்டும், உன் கதையைப் பாப்போம்.

தொட்டியில அரை அடிக்கு மண்ணு. மக்குன சாணியை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, அடிமண்ணுல புதை. பச்சைச் சாணி போட்டா தண்ணி நாறும். மேலாகத் தூவுனா பாசி வந்து பச்சைப் பாயாசமா ஆயிரும். உரம் வாங்கவான்னு கேக்காதே. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கு யாரு உரம் வாங்கிப் போட்டா? கொக்கும் நாரையும் எச்சம் போடுது, அந்தத் தண்ணி பாஞ்சா வயலுக்கு வேற உரமே வேணாம்பாங்க அந்த ஊர்க்காரங்க.

கெழங்கை நடும்போது உள்ள புதைச்சுடாதே. கெழங்கு மண்ணுக்குள்ள, குருத்து வெளிய. புள்ளைக்குப் போர்வை போத்துறாப்ல, மூஞ்சி தெரியணும். மேல ஒரு விரக்கடை கனத்துக்கு ஆத்துமணல் பரப்பு, இல்லேன்னா மீனு கிண்டிக் கிண்டி கலங்கலாக்கிரும். தண்ணி மொதல்ல நாலு விரக்கடை போதும். எலை எழும்ப எழும்ப நீயும் தண்ணியை ஏத்து. மொத நாளே வாய்முட்ட ரொப்புனா, சின்னக் குருத்து மேல வந்து சேர்றதுக்குள்ள மூச்சு வாங்கிச் செத்துப்போகும்.

குழாயை நேரா மண்ணு மேல விடாதே. ஒரு தட்டைக் கவுத்து வச்சு அதுமேல விடு. மருந்து கலந்த குழாய்த் தண்ணின்னா ஒரு நாள் தெறந்து வச்சுட்டு ஊத்து. ஊத்தி மூணு நாளாகியும் கலங்கலா இருந்தா, கண்ட பொடியெல்லாம் வாங்காம அத்தைகிட்ட தேத்தாங்கொட்டை கேளு. மண்சட்டி உள்பக்கம் ரெண்டு தேய் தேய்ச்சு அந்தத் தண்ணியைக் கலந்து விட்டா, காலையில அடி தெரியும். ஊருணித் தண்ணியைக் குடத்துல பிடிச்சு வச்சு எங்க ஆத்தா, உனக்கு அம்மாச்சி, அப்படித்தான் தெளிய வச்சா. இங்க செட்டிநாட்டு ஊருணியில குடிதண்ணின்னா கால்கூட நனைக்கவிட மாட்டாங்க, தெரியும்ல?

கலுங்குதான் எல்லாரும் மறக்கிறது. தொட்டி விளிம்புல இருந்து ரெண்டு விரக்கடை எறக்கி ஒரு துளை போட்டு, கொசுவலைத் துணியைக் கட்டிவிடு. ஐப்பசி மழையில தொட்டி நெறைஞ்சா தண்ணி மட்டும் அது வழியாப் போகும். இல்லேன்னா மீனு மொட்டைமாடியில துள்ளிக்கிட்டுக் கெடக்கும், காக்காய்க்குக் கல்யாணம்.

அப்புறம் அந்தப் பொம்மை ஊத்து. புத்தர் தலையில இருந்து தண்ணி சொட்டுற மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே, அதை எடுத்து வரவேற்பறையில வை. அல்லிக்கு அசையாத தண்ணி வேணும். எலை மேல எந்நேரமும் சொட்டிக்கிட்டே இருந்தா அழுகிப்போகும். அல்லி எலைக்கு மூச்சுவிடுற துளையெல்லாம் மேல்பக்கம் இருக்கு, மத்த செடி மாதிரி அடியில இல்ல. மேல இழுக்கிற மூச்சு தண்டுக்குள்ள இருக்கிற குழல் வழியா சேத்துக்குள்ள கெழங்கு வரைக்கும் போகும். சின்னப் புள்ளையில அல்லித்தண்டை இந்தப் பக்கம் ஒரு ஒடி, அந்தப் பக்கம் ஒரு ஒடி ஒடிச்சு, தோலோட தொங்கவிட்டு, பூவைப் பதக்கமா வச்சு மாலை போட்டுக்கிட்டு, ‘நான்தான் மாப்பிள்ளை’ன்னு தெருவுல போனியே, அப்பத் தண்டுக்குள்ள ஓட்டை ஓட்டையா இருந்துச்சே, அதுதான் அந்தக் குழல். உன்னைப் படிக்க வச்ச காசுக்கு அந்த மாலையே கூட ஒரு பாடம் சொல்லியிருக்கும்.

வெயில் அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் நேரா விழணும். நெழல்ல வச்சா எலை மட்டும் விடும், பூ விடாது. கொசுவுக்கு, அமெரிக்காவுல இருந்து கொண்டாந்து விட்ட மீனையெல்லாம் வாங்காதே. அது கொசுப்புழுவோட நிக்காது, தவளைக்குஞ்சையும் சேத்துத் திங்கும். வயக்காட்டுத் தண்ணியில மேலாக நீந்தும் பாரு, நெத்தியில வெள்ளிப் பொட்டு வச்சாப்ல ஒரு பொடிமீனு. அதுல நாலு போடு. மஞ்சளாப் போன எலையை அடித்தண்டோட கிள்ளி எடு. எலை தொட்டியில பாதிக்கு மேல மூடுனா சந்தோசப்படு, வெயில் உள்ள போகாது, பாசி வராது. அசுவினி மொய்ச்சா எலையை ஒரு முழுக்கு முழுக்கு, மீனுக்கு விருந்து. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. தெனம் கையை விட்டுத் தோண்டிப் பாக்காம இருக்கிறதுதான் பெரிய வேலை, அது உனக்கு வராது.

அப்புறம் நீ போட்டோவுல காட்டுற அந்த ஊதாப் பூ, ஏரியில அள்ளிட்டு வந்து இன்னொரு தொட்டியில விடப்போறேன்னியே. வேணாம். அது வெங்காயத்தாமரை. தென்னமெரிக்காவுல இருந்து அழகுக்குன்னு கொண்டாந்தது, இப்ப ஏரியை மூடிக்கிட்டுக் கெடக்கு. பேருல தாமரை இருந்தா தாமரையா? உன் பேருல ராசா இருக்கு.

காபி வந்துருச்சு, குடி.

சித்திரையில ஒரு கெழங்கைத் தூக்கிக் குப்பையில போட்டதை மறைச்சுட்டே பாத்தியா. அத்தைகிட்டச் சொன்னே, என்கிட்டச் சொல்லல. தண்ணி வத்துச்சு, எலை கருகுச்சு, செத்துப்போச்சுன்னு போட்டுட்டியாம். செத்தது செடி இல்லடா, எலைதான். கண்மாய் வத்தி மாடு மேயுற காலத்துல அல்லி எங்க போகுதுன்னு நெனைச்சே? கெழங்கு சேத்துக்குள்ள மொடங்கித் தூங்கும். மேல மண்ணு பாளம் பாளமா வெடிக்கும், உள்ள இது கெடக்கும். மழை விழுந்து ரெண்டாவது வாரம் எலை வந்துரும். ஔவையார் மூதுரையில சொந்தக்காரனுக்கு அடையாளம் சொன்னாளே, கொளம் வத்துனா பறந்து போற பறவை சொந்தமில்ல, கொளத்தோட ஒட்டிக்கிட்டு வாடுற கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்தான் சொந்தம்னு. அந்தக் கெழவி சும்மா சொல்லல, வறண்ட கொளத்துல எறங்கிப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கா.

நீ எந்தக் கட்சின்னு நான் சொல்லணுமா? கண்மாய் நெறைஞ்சு, கரும்பு கட்டி, பொங்கல் பானை ஏறுனா வர்றே. பங்குனியில வரச்சொன்னா லீவு இல்லே. ஆனா பறவையையும் ரொம்பத் திட்டக் கூடாது. வேட்டங்குடியிலயும் கொள்ளுக்குடிப்பட்டியிலயும் வர்ற பறவைக்காகத் தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்கிறதில்ல அந்த ஊரு. 1977-ல சரணாலயம்னு கவர்மெண்டு பலகை வைக்கிறதுக்கு முந்தியே இருக்கிற வழக்கம். பறந்துபோனாலும் வருசா வருசம் திரும்பி வருதுல்ல, அதுக்காகத்தான். கெழங்கு வேணும்னு அந்தக் கண்மாய்ல மட்டும் கையை வச்சுடாதே. வனத்துறை உன்னைப் பிடிச்சா, இவன் யாருன்னே தெரியாதுன்னுதான் சொல்லுவேன்.

ஆம்பல்னா என்னன்னா கேட்டே? சரியாப்போச்சு. அடேய், அல்லியும் ஆம்பலும் ஒண்ணுதாண்டா! பரீட்சையில மார்க் வாங்குனே, கண்மாய்ல பாக்கல. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூவை வரிசையா அடுக்குறாருல்ல, அதுல ஆம்பலும் இருக்கு, குவளையும் இருக்கு, நெய்தலும் இருக்கு. அவரு சுத்துன பறம்புமலைன்னு சொல்றது நம்ம பிரான்மலையைத்தான், சிங்கம்புணரிப் பக்கம். நம்ம ஆளு. பழைய கணக்குல பெரிய பெரிய எண்ணுக்கே ஆம்பல், குவளை, நெய்தல்னு பேரு வச்சிருந்தாங்க, கண்மாய்ல பூத்துக் கெடக்கிறதைப் பாத்து எண்ண முடியாம வச்சிருப்பாங்கன்னு நான் நெனைக்கிறேன். உன் வீட்டுக் கடன் பாக்கியை அந்தக் கணக்குல சொன்னா கேக்க இனிமையா இருக்கும்.

அதைவிட ஒண்ணு இருக்கு. இங்கேர்ந்து சிவகங்கைக்குப் போறப்ப திருக்கோஷ்டியூர் தாண்டி, மதகுபட்டி தாண்டி ஒக்கூர் வரும். பஸ்ஸுல தூங்கிக்கிட்டே போற ஊரு. அந்த ஒக்கூர்க்காரர்னு சொல்ற மாசாத்தனார் புறநானூத்துல ஒரு பாட்டு பாடியிருக்காரு, 248-ஆவது. ஒரு பொம்பளை வெள்ளாம்பலைப் பாத்து வருத்தப்படுறா. சின்ன வயசுல இந்த ஆம்பல் எலையைத் தழையாக் கட்டி உடுத்தினோம். இப்பப் புருசன் செத்துட்டான், கண்ட நேரத்துல ஒரு வேளை சாப்பிடுறதுக்கு, அதே ஆம்பல் அரிசியா வந்து நிக்குதேங்கிறா. உடுத்திக்கிட்ட செடியையே உண்ணுறா. அம்புட்டுத்தான் பாட்டு, விரல்விட்டு எண்ணுற வரி. எனக்கு வாத்தியார் நடத்துனப்ப ஒண்ணும் தெரியல. எங்க அப்பத்தா தாலியறுத்த பின்னாடி, கொல்லையில உக்காந்து அல்லிக்காயை ஒடைச்சு, கடுகு மாதிரி இருக்கிற விதையை மொறத்துல காய வச்சுக்கிட்டு இருந்ததைப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு. ‘எதுக்கு அப்பத்தா இது, வீட்டுல நெல்லு இருக்கே?’ன்னு கேட்டேன். ‘எங்க ஆத்தா தாது வருசப் பஞ்சத்துல இதைத் தின்னுதான் உசுரோட இருந்தா, அதை மறக்கக் கூடாது’ன்னா. வாயில போட்டுப் பாத்தேன். ருசின்னு ஒண்ணும் இல்ல.

அந்த விதை வேணும்னா எடுக்கலாம். பூ முடிஞ்சதும் காய் தண்ணிக்குள்ள போயிரும், அங்கதான் முத்தும். மெல்லிசுத் துணியில ஒரு பை தைச்சு காய்க்குக் கட்டிவிடு, இல்லேன்னா ஒரு நாள் வெடிச்சு விதையெல்லாம் மெதந்து, மறுநாள் எங்க மூழ்குச்சுன்னே தெரியாது. எடுத்த விதையை வெயில்ல காய வைக்காம, பாட்டில் தண்ணியிலயே வச்சிரு. அகலமான சட்டியில சேறு, மேல ஒரு விரக்கடை தண்ணி, அதுல தூவு. நூல் மாதிரி வரும். பூ பாக்க ஒரு வருசம் ஆகும். நீ பொறுக்க மாட்டே, கெழங்கே எடுத்துக்க.

கண்மாய்ல கெடக்கிற கண்டதுன்னு நெனைக்காதே. இலங்கைக்காரன் 1986-ல நீல அல்லியைத் தேசியப் பூவாக்கிட்டான். வங்கதேசத்துக்காரன் நாட்டுச் சின்னத்திலேயே அல்லியை வச்சிருக்கான். நாம எங்க வச்சிருக்கோம்? மாட்டுக் காலடியில.

சரி, பொறு, வர்றேன். மொட்டு ஏன் விரியல. கண்ணாடியை எடு.

போட்டோவுக்குக் கீழ மணி போட்டிருக்கு பாரு. பதினொண்ணே கால். பன்னெண்டு பத்து. ஒண்ணரை. பதினொண்ணு அம்பது. பதினேழு போட்டோவுல பதினொரு மணிக்கு முந்தி எடுத்தது ஒண்ணு இருக்கா? நீ எந்திரிக்கிற நேரம் அது. வெள்ளல்லி பொழுது சாயத்தான் கட்டவிழ்க்கும். ராத்திரி பூராம் விரிஞ்சிருக்கும். காலையில வெயில் ஏறி ஒம்பது, பத்து ஆனா மூடிக்கும். மறுநாள் அந்தியில திரும்ப விரியும், இப்படி மூணு நாலு நாள், அப்புறம் தலை சாஞ்சு தண்ணிக்குள்ள போகும். நீ மொட்டுன்னு எடுத்ததுல பாதி, நேத்து ராத்திரி பூத்து முடிச்ச பூவு. நெலாவைப் பாத்து விரியுதுன்னு புலவரெல்லாம் சொல்லிட்டாங்க, அமாவாசைக்கும் விரியத்தான் செய்யுது, நான் பாத்திருக்கேன்.

ராத்திரி ஏழு மணிக்கு வேலையில உக்காந்து, விடியக்காலம் நாலு மணி வரைக்கும் முழிச்சிருக்கே. அதே நேரம் அது உன் தலைக்கு மேல, ஒரு கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம், கைப்பிடி அகலத்துக்கு விரிஞ்சு நிக்குது. ஒரு தடவை மாடி ஏறுனியா? மோட்டார் போட விடியல்ல மேல போற உங்க வாட்ச்மேன் தெனம் பாக்குறாராம். அத்தைகிட்ட போனுல சொன்னாரு. ‘சார், பூ ஜோரா இருக்கு’ன்னு உன்கிட்டயும் சொன்னாராம். நீ காதுல மாட்டியிருந்ததைக் கழட்டாமத் தலையை ஆட்டிட்டுப் போனியாம்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே, நீ என்ன அல்லியா? சாப்பிட்டுட்டு வா, இன்னிக்கு ராத்திரி கண்மாய்க்குப் போவோம். மாட்டுப்பொங்கல் ராத்திரி, கரையில ஆள் இருக்காது. கலுங்குப் பக்கம் போன வாரம் இருநூறு பூவுக்கு மேல இருந்துச்சு, அதுக்கு மேல எண்ண எனக்குக் கண்ணு தெரியல. போனை இங்கயே வை. டார்ச் லைட்டை எடுத்துக்க, கரையில சாரை கெடக்கும்.

கோணிச் சாக்கு ஆறு எடுத்துக்க, மூணு தொட்டிக்குச் சரியா இருக்கும். அப்படியே அந்தச் செவுத்துல சாத்தியிருக்கிற மம்பட்டியையும் எடுத்துக்க. திரும்பி வரும்போது மடைவாய்க்காலுக்கு ஓரமா வருவோம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நாளைக்கு நேரம் கெடக்கு.

எந்த வாய்க்காலா? போறப்பச் சொல்றேன், வா.